குறைந்த பிடியும் கூடிய பிடியும்

என் அத்தை சுகிர்தபாயின் கை பெரிய கை. ஆணுக்கு அப்படி இருந்திருந்தால் ஊரே பெருமையாகப் பேசியிருக்கும். பெண்ணுக்கு இருந்ததால் வளையல்காரன் அவளைக் கண்டாலே பெட்டியை மூடிவிடுவான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பிற்காலத்தில் காட்டாக்கடைச் சந்தையில் வெகுகாலம் மரச்சீனிக் கிழங்கும் பயறும் விற்றுப் பிழைத்தாள். பயறு அளந்து கொடுத்தபின் மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவாள். அந்தப் பிடிக்காகவே நாலு கடை தாண்டி வந்து அவளிடம் நிற்பவர்கள் உண்டு. அந்த நாலு கடைக்காரர்களும் அவளைத் திட்டியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் ஆளுக்கொரு பதில் சொல்லி அனுப்பிவிடுவாள். உண்மையான பதிலை நான் அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பா தேவகுமார் அவளுக்கு நேர் இளையவர். அந்தப் பதிலுக்குள் அவர் உயிரும் இருந்தது. நானும் அதே காரணத்தால்தான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு அவர் போலீஸ் வண்டியில் ஏறியிருந்தால் எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

ஐம்பத்தாறாம் வருடம் எங்கோ ஒரு மேசைமேல் படத்தை விரித்து வைத்துக் கோடு போட்டார்கள். நவம்பர் முதல் தேதியிலிருந்து விளவங்கோடு மதராஸ் ராஜ்யத்துக்கு, நெய்யாற்றின்கரை கேரளத்துக்கு. கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் விழுந்தது. தமிழ் பேசுகிறவர்கள் நெய்யாற்றின்கரையும் எங்களுக்குத்தான் என்று கேட்டுப் பார்த்தார்கள், ஊர்வலம் போனார்கள், அடி வாங்கினார்கள். கிடைக்கவில்லை. எங்கள் குடும்பம் கோட்டுக்கு வடக்கே மாட்டிக்கொண்டது. கோடு போட்டவர்கள் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பார்கள். எங்கள் ஊரில் அந்த வருடம் முழுக்க யாரும் சரியாகத் தூங்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு விதைநெல் சங்கம் இருந்தது. விதைக்க நெல் இல்லாத விவசாயி சங்கத்தில் கடனாக வாங்கி, அறுத்தபின் கொஞ்சம் கூட்டித் திருப்பித் தர வேண்டும். நெல்லைப் போட்டு வைக்க இரண்டு கிட்டங்கிகள். ஒன்று உதியன்குளங்கரையில், மற்றது களியக்காவிளையில். உதியன்குளங்கரைக் கிட்டங்கிக்குப் பொறுப்பு என் அத்தை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவள், மலையாளமும் எழுதுவாள். களியக்காவிளைக் கிட்டங்கிக்குப் பொறுப்பு கனகதாஸ். ஒரு கிட்டங்கியில் நெல் தீர்ந்தால் மற்றதிலிருந்து மூட்டை ஏற்றி அனுப்புவார்கள். அந்த மாட்டுவண்டியை ஓட்டியது என் அப்பா.

கனகதாஸுக்கும் அத்தைக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாராவது உண்டானால் சொல்லலாம் என்று போதகர், எங்கள் வழக்கில் ஐயர், ஆராதனையில் கேட்பார். யாரும் எதுவும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. பின்னால் இருக்கும் பிள்ளைகள் சிரிக்கும், பெண் தலை குனிந்துகொள்வாள், அவ்வளவுதான். அக்டோபர் கடைசி வாரம் வந்தபோது இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. ஒன்று மிச்சம்.

இனி அந்தப் பிடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபைக் குடும்பங்களில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அது கோயிலுக்கும் ஏழைகளுக்கும். அந்தப் பிடியை எந்த வீட்டிலும் எழுதி வைப்பதில்லை. எழுதினால் அது காணிக்கையாக இருக்காது, கணக்காகிவிடும் என்று ஒரு நினைப்பு. இந்த வழக்கத்தை அத்தையும் கனகதாஸும் கேட்பாரில்லாமல் கிட்டங்கிக்குள்ளும் கொண்டு வந்துவிட்டார்கள். விவசாயி திருப்பித் தரும் நெல்லைப் பறை என்கிற மர அளவையால் அளக்கும்போது, பறைக்கு ஒரு பிடி தனிப் பானைக்குப் போகும். வேறு ஆட்கள் அந்தப் பொறுப்பில் இருந்திருந்தால் இப்படி ஒரு காரியம் நடந்தே இருக்காது.

ஆனால் இரண்டு பேரும் ஒரே மாதிரி எடுக்கவில்லை. கனகதாஸ் பறையைக் கூம்பாக நிரப்பச் சொல்வார். அந்தக் கூம்பிலிருந்து ஒரு பிடியை இடப்பக்கத்துப் பானையில் போட்டுவிட்டு, பிறகு கோலால் தலை வழித்து, நிறைபறையைக் குவியலில் கொட்டுவார். பிடி விவசாயியின் கணக்கில் போகும். கூம்பு கேட்க அத்தைக்கு வாய் வராது. அவள் முதலில் தலை வழிப்பாள், பிறகுதான் பறைக்குள் கை போடுவாள். பிடி சங்கத்தின் கணக்கில் போகும். புத்தகத்தில் இரண்டு பேரும் ஒரு பறை வரவு என்றே எழுதினார்கள்.

அத்தை பானையில் சேர்ந்ததைச் சங்கத்தில் சேர வழியில்லாத பெண்களுக்கு விதையாகக் கொடுத்தாள். குத்தகைக்குத் துண்டு நிலம் வைத்திருப்பவர்கள், சொந்தப் பெயரில் ஒரு காகிதம் இல்லாதவர்கள். தமிழச்சிகளும் உண்டு, மலையாளத்திகளும் உண்டு. அறுத்தபின் திருப்பித் தருவார்கள் என்று நம்பினாள். சிலர் தந்தார்கள், அதைச் சங்கத்துக் குவியலிலேயே சேர்த்தாள். பிறகு மழை பொய்த்தது, கலவரம் வந்தது, கொடுத்தது கொடுத்ததுதான் என்று ஆயிற்று. அத்தை நினைத்தது நல்லது, செய்தது தப்பு. இரண்டையும் நான் மறைக்கவில்லை.

கனகதாஸின் பானை நெல் கோயிலுக்குப் போக வேண்டியது. ராஜ்யம் மாறப் போகிறது, எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பார்ப்பார்கள் என்று தெரிந்ததும் அவருக்குக் கிலி பிடித்துக்கொண்டது. கணக்கில் இல்லாத நெல்லைப் பானையில் வைத்திருந்தால் கேள்வி வரும் என்று பயந்து, சேர்ந்ததை எல்லாம் சங்கத்துக் குவியலிலேயே கொட்டிவிட்டார். அத்தையிடம் அதைச் சொல்லவும் செய்தார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஐம்பத்து நாலில் மார்த்தாண்டம் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தபின் பிடித்துக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். அன்று ஊர்வலத்தில் கொடி பிடித்தார் என்பதுதான் குற்றம். லாக்கப்பில் நெஞ்சில் மிதித்திருக்கிறார்கள். வெளியே வந்தபோது இருமினால் ரத்தம் வந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த நெஞ்சு இன்னொரு அடி தாங்காது என்று சொல்லி அனுப்பினார். இன்னொரு தடவை உள்ளே போனால் பிணமாகத்தான் வருவான் என்று அத்தைக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் அவரைக் கூட்டத்துக்குப் போகவிடாமல் வண்டி மாட்டோடு கட்டி வைத்திருந்தாள்.

அக்டோபர் கடைசி வாரத்து வியாழக்கிழமை, சங்கத்தை இரண்டாகப் பிரிக்கக் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் வந்தார். பெயர் பாஸ்கரன் நாயர். குட்டநாட்டுக்காரர், சத்தம் போடாதவர். உதியன்குளங்கரைக் கிட்டங்கி கேரளத்தின் சொத்தாகப் போகிறது, களியக்காவிளைக் கிட்டங்கி மதராஸின் சொத்தாகப் போகிறது. இரண்டிலும் பிரிவினைப் பேச்சுக்கு முன் கடைசியாக எடுத்த இருப்பு என்ன, இன்றைய இருப்பு என்ன, எது எவ்வளவு ஏறியது, எது எவ்வளவு இறங்கியது என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இதுதான் மேலிடத்து உத்தரவு. முந்தின நாளே களியக்காவிளையில் அளந்து முடித்து, கனகதாஸையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கூட ஒரு போலீஸ்காரனும் வந்திருந்தான். கலவர காலம் ஆனதால் எந்த அதிகாரியும் தனியாக வருவதில்லை.

அன்று முழுக்க அளந்தார்கள். மத்தியானம் தாண்டி அளந்து முடித்ததும் இன்ஸ்பெக்டர் மேசையில் உட்கார்ந்து கூட்டினார், கழித்தார், மறுபடியும் கூட்டினார். பிறகு பேனாவை மூடி வைத்தார். உதியன்குளங்கரையில் புத்தகத்தில் உள்ளதைவிட நெல் குறைவு. களியக்காவிளையில் புத்தகத்தில் உள்ளதைவிட நெல் கூடுதல். குறைவும் கூடுதலும் ஏறத்தாழ ஒரே அளவு.

அவர் மெதுவாக மலையாளத்தில் கேட்டார். கேரளத்துக்கு வரவேண்டிய நெல் குறைந்திருக்கிறது, மதராஸுக்குப் போக வேண்டிய நெல் அதே அளவு கூடியிருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஓடுவது ஒரே ஒரு வண்டி, அந்த வண்டிக்காரன் யார்?

முற்றத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். போலீஸ்காரன் ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்துக்கு முந்தின முகம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. இவன் அந்தக் கூட்டத்து ஆள், உள்ளே கிடந்தவன் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னான்.

நானே அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். தமிழ்க்காரன், ஊர்வலம் போனவன், கோடு விழுமுன் இக்கரை நெல்லை அக்கரைக்குக் கடத்திவிட்டான். பார்ப்பதற்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. பொருத்தமாக இருப்பதாலேயே எத்தனையோ பேர் உள்ளே போயிருக்கிறார்கள்.

அத்தைக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. குறைந்தது அவள் பிடி, கூடியது கனகதாஸின் பிடி. ஒரு மணி நெல்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. அவள் கனகதாஸைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக் காலையில் வருவேன், அதற்குள் யாராவது சரியான விளக்கம் சொன்னால் கேட்பேன், இல்லையென்றால் போலீஸுக்கு எழுதிக் கொடுப்பதைத் தவிர எனக்கு வழியில்லை என்றார் இன்ஸ்பெக்டர். வண்டியையும் மாட்டையும் முற்றத்தில் நிறுத்தச் சொன்னார். அப்பாவைக் கிட்டங்கியின் சாக்கு அறையில் உட்கார வைத்து, வாசலில் போலீஸ்காரன் ஸ்டூல் போட்டுக்கொண்டான். உள்ளேயிருந்து இருமல் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

கிட்டங்கிக்குப் பின்னால் உமி கொட்டும் இடத்தில் அத்தை கனகதாஸைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கு நான் என் பிடியைப் பற்றிச் சொல்லப் போகிறேன், நீங்களும் உங்கள் பிடியைப் பற்றிச் சொல்ல வேண்டும், நான் மட்டும் சொன்னால் தம்பியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்பார்கள், இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் வண்டியில் நெல் போகவில்லை என்று தெரியும் என்றாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மதராஸ்காரர்கள் புதிதாகப் பொறுப்பேற்கும்போது பழைய ஆட்களைச் சலித்து எடுப்பார்கள் என்றும், கணக்கில் இல்லாத நெல்லைக் குவியலில் கலந்தவன் என்று பெயர் வந்தால் தன்னைத்தான் முதலில் வெளியே தள்ளுவார்கள் என்றும் சொன்னார்.

"நான் வாயைத் தொறந்தா எனக்க வேல போச்சு, சுகிர்தம். பின்ன எதை வச்சு உன்னக் கெட்டுவேன்?"

"எனக்க தம்பி உள்ள போனா திரும்பி வரமாட்டான். அது ஒங்களுக்குத் தெரியுமில்லியா?"

அவர் தெரியும் என்றார். பாஸ்கரன் நாயர் நல்ல மனுஷன், அடிக்கவெல்லாம் விடமாட்டார் என்றார். ஜெபம் பண்ணுவோம் என்றார். கனகதாஸ் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் அத்தை அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பாள். பயந்த மனுஷனிடம் என்ன கேட்பது? கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பொழுது சாய அத்தை வீட்டுக்கு நடந்தாள். தோட்டுக்கரையில், ஓடை ஓரமாக, கிருஷ்ணம்மா காத்து நின்றாள். அத்தையிடம் விதை வாங்கிய மலையாளத்துப் பெண்களில் அவள் ஒருத்தி. அவள் புருஷன், நெய்யாற்றின்கரையில் ஒரு பிடி மண்ணைக்கூடத் தமிழனுக்குத் தரமாட்டோம் என்று கூட்டம் போட்டவர்களில் முன்வரிசை ஆள். தன் வயலில் முளைத்தது ஒரு தமிழச்சி கொடுத்த நெல் என்று அவனுக்குத் தெரியாது. கிட்டங்கியில் நடந்தது ஊர் முழுக்கப் பரவிவிட்டிருந்தது. தன் பேர் வெளியே வந்தால் புருஷன் விடமாட்டான் என்று கிருஷ்ணம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்றெ பேரு பறயல்லே, சுகிர்தம். அங்ஙேரு அறிஞ்ஞா என்னெ கொல்லும்."

அத்தைக்கு முதலில் கோபம்தான் வந்தது. கேட்காமலே கொடுத்தவள் இப்போது கேட்கப்போனால் எல்லாக் கதவும் சாத்திக்கொள்கிறதே என்று வாய்வரை வந்தது. கிருஷ்ணம்மாவின் முகத்தில் பழைய அடியின் தழும்பு ஒன்று இருந்தது. அதைப் பார்த்தபின் பேரைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு நடந்தாள். இனி அவள் சொல்லப் போவதற்குச் சாட்சி என்று ஒருவரும் இல்லை.

மறுநாள் காலையில் அவள் கிட்டங்கிக்குப் போனபோது அப்பா சாக்கு அறை வாசலில் நின்றார். ராத்திரி முழுக்க இருமிக் கண் உள்ளே போயிருந்தது. போலீஸ்காரன் வெற்றிலை துப்பப் போன இடைவெளியில் அக்காவை அருகே கூப்பிட்டார்.

"அக்கா, நான்தான் கொண்டு போனேன்னு எழுதிக் குடுத்திருதேன். ஒனக்கு வேலையாவது நிக்கும். கல்யாணமும் நடக்கும்."

"எலே, வாயப் பொத்து. உனக்க நெஞ்சுல மிச்சம் இருக்கிய மூச்சு எனக்கு வேணும்."

இன்ஸ்பெக்டரும் கனகதாஸும் வந்து உட்கார்ந்ததும் அத்தை முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் மலையாளத்தில் சொன்னாள். பிடியரிசி வழக்கம் என்ன, தான் எப்படித் தலை வழித்தபின் கை போட்டாள், அந்த நெல் எங்கே போயிற்று. கனகதாஸும் பிடி எடுப்பார், ஆனால் கூம்பிலிருந்து எடுப்பார், அவர் பானை நெல்லையும் குவியலில்தான் கொட்டினார் என்று அதையும் சொன்னாள். தன் பக்கம் குறைந்ததற்குத் தண்டனை எதுவானாலும் தனக்கு, தம்பிக்கு இதில் ஒரு மணிகூடச் சம்பந்தம் இல்லை என்று முடித்தாள்.

யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். அதைச் சொல்லமாட்டேன் என்றாள். பேர் இல்லாமல் இதை யார் நம்புவார்கள் என்றார். அவர் கனகதாஸ் பக்கம் திரும்பினார். இந்தப் பெண் சொல்கிறபடி உங்கள் கிட்டங்கியிலும் பிடி எடுக்கிற வழக்கம் உண்டா?

கனகதாஸ் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். அப்படி ஒரு வழக்கம் தன் கிட்டங்கியில் இல்லை என்றார்.

போலீஸ்காரன் எழுந்து பெல்ட்டைச் சரிசெய்துகொண்டான். அப்பா சுவரைப் பிடித்தபடி இரண்டு அடி முன்னால் வந்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் பண்ணவில்லை, கனகதாஸின் முகத்தைப் பார்க்க முடியாமல் மூடினேன் என்று பின்னால் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. குட்டநாட்டில் நெல்லுக்குள் பிறந்து நெல்லுக்குள் வளர்ந்தவர் அவர். அளக்கிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். மூலையில் கிடந்த பறையைக் காட்டினார்.

"வாய் பறஞ்ஞது மதி. இனி கை பறயட்டெ."

வாய் சொன்னது போதும், இனி கை சொல்லட்டும் என்று அர்த்தம். முதலில் அத்தையை அளக்கச் சொன்னார். அவள் பறையை நிரப்பி, தலை வழித்து, உள்ளே கை போட்டு எடுத்தாள். அந்தப் பிடியைத் தனியாக வாங்கித் தட்டில் வைத்துப் பார்த்த இன்ஸ்பெக்டர், இது பிடியா, அரை நாழியா என்று முணுமுணுத்தார். அவள் சொல்லிவிட்டுச் செய்கிறாள், அதனால் இது சாட்சி ஆகாது என்றும் சொன்னார்.

பிறகு கனகதாஸை அளக்கச் சொன்னார். ஒரு பறை அல்ல, அந்த மூலையில் இருக்கும் குவியல் முழுவதையும். எப்போதும் அளப்பது போலச் சத்தமாக எண்ணிக்கொண்டு.

கனகதாஸ் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குந்தினார். எங்கள் பக்கம் நெல் அளக்கிறவர்கள் முதல் பறையை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். அவரும் லாபம் என்று தொடங்கினார். நிரப்பினார், கோலால் வழித்தார், கொட்டினார். பிடி எடுக்கவில்லை. ரெண்டு. மூணு. ஒவ்வொரு பறைக்கும் அவர் கழுத்தில் வேர்வை இறங்கியது. வலது கை பறையின் விளிம்புவரை போய், நின்று, திரும்பியது. அத்தை கண்ணைத் திறந்து அந்தக் கையையே பார்த்தாள். போலீஸ்காரனும் அப்பாவும்கூடக் கையைத்தான் பார்த்தார்கள்.

குவியல் பெரிது. நெல் அளப்பதில் ஒரு தாளம் உண்டு. முதல் கொஞ்சம் பறைகளுக்கு மனசு அளக்கும், அதன்பின் உடம்பே அளந்துகொள்ளும். எண்ணுகிற குரல் ஒரே சுதியில் இறங்கிவிட்டால் அளக்கிறவன் வேறு எங்கோ போய்விடுவான். குவியல் பாதியானபோது கனகதாஸின் குரல் அந்தச் சுதிக்கு வந்தது. தோள் தளர்ந்தது. இடது கை கூம்பாக நிரப்பியது. வலது கை கோலை எடுக்கவில்லை. கூம்பிலிருந்து ஒரு பிடி அள்ளி, பார்க்காமலே, இடப்பக்கமாகப் போட்டது.

அங்கே பானை இல்லை. நெல் வெறுந்தரையில் விழுந்து சிதறியது.

அவர் கோலை எடுத்துத் தலை வழித்தார், கொட்டினார், எண்ணினார். அடுத்த பறைக்கும் ஒரு பிடி. அதற்கடுத்ததற்கும் ஒரு பிடி. தரையில் சின்னக் குவியல் ஒன்று சேர்ந்தது. நாலாவது பிடி விழுந்தபோதுதான் அவர் காதில் அந்தச் சத்தம் ஏறியது. திரும்பித் தரையைப் பார்த்தார். எண்ணிக்கை நின்றது. அப்படியே குந்தியபடி இருந்தார், எழுந்திருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் இரண்டு பேர் பிடியையும் அளந்து, வரவான பறைகளோடு பெருக்கிப் பார்த்தார். அத்தையின் பக்கம் குறைவு இன்னும் அதிகமாகவே வந்திருக்க வேண்டும் என்று வந்தது. திருப்பித் தந்த சில பெண்களின் நெல் அவளைக் காப்பாற்றியிருந்தது. இரண்டு இருப்பும் தனித்தனிக் காரணத்தால் மாறியிருக்கிறது, ஒரு கிட்டங்கியிலிருந்து மற்றதற்கு எதுவும் போகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பாவைப் பார்த்து, மாட்டை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்றார். போலீஸ்காரன் ஸ்டூலை உள்ளே எடுத்து வைத்தான். அப்பா மாட்டிடம் போய் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அதைச் சொல்ல அவர் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

அத்தைக்கு வேலை போயிற்று. சங்கத்து நெல்லைச் சங்கத்துக்கு வெளியே கொடுத்தது குற்றம்தானே. குறைவைத் தன் பொறுப்பில் நிரப்ப வேண்டும் என்றார்கள், தலையாட்டினாள். கனகதாஸுக்கு என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. குறைந்தால்தான் கேள்வி. கூடுதலுக்கு யாரும் சிறைக்குப் போனதில்லை. அவர் பக்கத்துக் கூடுதலை வரவில் எழுதி, களியக்காவிளைக் கிட்டங்கி நல்ல நிலையில் மதராஸுக்குப் போகிறது என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டார்கள். அவர் பயந்தது அத்தனையும் வீண்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை. களியக்காவிளையிலிருந்து கனகதாஸும் அவர் வீட்டாரும் எங்கள் கோயிலுக்கே வந்திருந்தார்கள், ஆராதனை முடிந்து மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று ஏற்பாடு. வேலை போன பெண்ணைக் கட்டிக்கொள்வதில் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை. அதையும் அவருக்காகச் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமையே ஆள் அனுப்பி, நடந்ததை மறந்துவிடுவோம், வியாழக்கிழமை கோடு விழுமுன் காரியத்தை முடிவு செய்துகொள்வோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அத்தை வந்த ஆளுக்குக் காப்பி மட்டும் கொடுத்து அனுப்பினாள்.

போதகர் ஓலையை வாசித்தார். களியக்காவிளைச் சபை கனகதாஸுக்கும் இந்தச் சபை சுகிர்தபாய்க்கும் நடக்கவிருக்கும் விவாகத்துக்கு இது மூன்றாம் அறிவிப்பு. தடை சொல்ல யாராவது உண்டானால் இப்போது சொல்லலாம். சொல்லிவிட்டு, வழக்கம்போல யாரும் பேசமாட்டார்கள் என்று அடுத்த காகிதத்தை எடுத்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை எழுந்து நின்றாள்.

"உண்டு, ஐயரே. தடை எனக்காக்கும்."

போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காரணம் என்ன மகளே என்று கேட்டார். எதிர்ப் பக்கத்தில் கனகதாஸ் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"அவருக்க கை நேருள்ள கையாக்கும், ஐயரே. ஆனா கையை மட்டுமாட்டு கெட்ட முடியுமா?"

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த பாட்டுக்கு நேரமாகியிருந்தது. பக்கத்தில் இருந்தவளின் பாட்டுப் புத்தகத்தை வாங்கி, பக்கம் தேடிக்கொண்டிருந்தாளாம்.